கண்டி வரலாற்றாய்வும் இலவச இணைய நூற்றொகுதிகளும்: ஒரு திறனாய்வு நோக்கு

வரலாற்றுத்துறையிலோ ஆங்கிலத்துறையிலோ சிறப்புக்கலை பயிலும் மாணவரொருவர் ஆய்வேடு எழுதத் தொடங்குமிடத்து இன்று முதலிற் செல்லுமிடம் நூலகமன்று, இணையமே. இதனை ஒரு வீழ்ச்சியாகக் கொண்டு வருந்துவோர் உளர். இக்கட்டுரையாசிரியர் அவர்களுள் ஒருவரல்லர். 1681 இல் இலண்டனில் வெளிவந்த றொபேட் நொக்ஸின் இலங்கை வரலாற்று நூலை ஒரு தலைமுறைக்கு முன்னர் காண விரும்பிய மாணவர், அரிய நூல்கள் பிரிவில் அனுமதி பெற்று, குறித்த நேரத்துக்குள் வாசித்துக் கையாற் குறிப்பெடுத்து மீள வேண்டியிருந்தது. இன்று கலகா செல்லும் பேருந்தில் அமர்ந்தவாறே கைத்தொலைபேசியில் அந்நூலை முற்றாக வாசித்துவிடலாம். 1971 இல் மைக்கல் ஹார்ட் தொடக்கிய குட்டன்பேர்க் திட்டம், 1996 இல் தோன்றிய இணைய ஆவணகம், அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் கூடி 2008 இல் அமைத்த ஹாதிட்ரஸ்ட், தமிழுக்கு 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து எழுத்துக்கு 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் எனப் பல வாயில்கள் திறந்துள்ளன. இவற்றை வியந்துரைக்கும் கட்டுரைகள் போதிய அளவு வந்துவிட்டன. நூலொன்றைத் திறனாய்வது போல இத்தொகுதிகளையும் திறனாயலாகாதா என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா. எது இலவசமாயிற்று, ஏன் இலவசமாயிற்று, அவ்வாறு ஆனமையால் நாம் எழுதும் வரலாறு எவ்வாறு உருமாறுகிறது என்பன அவ்வினாவுள் அடங்கும்.

இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. அண்மையில் ஆய்வேட்டு முன்வரைவு ஒன்றை வாசிக்கும் வாய்ப்புக் கிட்டியது. ஹேவாஹெட்டைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்த மாணவி ஒருவர், தம் பிரதேசத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமூக வரலாற்றைப் பொருளாக எடுத்திருந்தார். உழைப்புக்குக் குறைவில்லை. அடிக்குறிப்புகள் நாற்பதுக்கு மேற்பட்டன. ஆயின் அவற்றுள் ஒன்றேனும் தமிழ் நூலன்று. 1930 ஆம் ஆண்டுக்குப் பின் வெளிவந்த நூலும் ஒன்றேனும் இல்லை. துரைமார், படைமருத்துவர், குடியேற்றச் செயலாளர், பயணிகள் ஆகியோரே சாட்சிகளாக வரிசையில் நின்றனர். காரணம் வினவியபோது, “இலவசமாக் கிடைச்சது இவைதான், சேர்” என்றார். அம்மறுமொழியில் பொய்யில்லை. முன்வரைவின் இரண்டாம் இயலில் ஒரு வாக்கியம் இருந்தது: கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு முன்னர் கண்டி இராச்சியத்தில் தமிழர் வாழ்ந்தமைக்கு ஆங்கிலேயர் எழுதிய நூல்களிற் சான்று காணக்கிடைக்கவில்லை என்பது அது. எவ்வாறு இம்முடிவுக்கு வந்தீர் என்று கேட்டபோது, அந்நூல்களின் மின்பிரதிகளிலே தமிழர் என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை இட்டுத் தேடியதாகவும், பொறி எதனையும் காட்டவில்லை என்றும் கூறினார்.

அவ்வொரு வாக்கியத்தின் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகின்றது எனலாம்.

நொக்ஸ் 1660 இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி மன்னனின் ஆட்சிப்பரப்பினுள் வாழ்ந்தவர். பேராதனைக்கு அண்மையில் உடுநுவரவிலுள்ள எலதெத்தவில் வீடும் தோட்டமும் வைத்திருந்தவர். 1679 இல் வடக்கு நோக்கித் தப்பியோடிய வழியில் அநுராதபுரத்தை அடைந்தபோது, அவ்வூரிலிருந்தோர்க்குச் சிங்களம் விளங்கவில்லை என்பதைக் கண்டு திகைத்ததாக எழுதுகிறார். அம்மக்களை அவர் அழைக்கும் பெயர் மலபார்கள் என்பது. அப்பெயர் நொக்ஸ் ஆக்கியதன்று. போர்த்துக்கேயர் வழியாக ஐரோப்பியரிடையே பரவிய பெயர் அது. 1578 இற் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்னும் நூலே தன் முகப்பில் தமிழை மலபார் மொழி என்னும் பெயராலும் குறிக்கிறது. ஒல்லாந்தர் அச்சொல்லை எடுத்தாண்டனர். ஆங்கிலேயரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தாராளமாக ஆண்டனர். 1815 மார்ச்சு 2 ஆம் நாட் கண்டி உடன்படிக்கை, கண்டி மாகாணங்களின்மீது மலபார் இனத்தார்க்கிருந்த உரிமை ஒழிந்தது எனப் பறைசாற்றுவதும் இச்சொல்லைக் கொண்டே. ஆகவே தமிழர் என்னும் சொல்லைத் தேடிய மாணவிக்குப் பொறி எதனையும் காட்டாமை இயல்பே. பொறிக்குச் சொல்லின் வடிவம் தெரியும். சொல்லின் வரலாறு தெரியாது.

இவ்விடத்தில் எதிர்மாறான தவறொன்றும் காத்திருக்கிறது. மலபார் என்று வருமிடமெல்லாம் தமிழர் என்று மாற்றிவிட்டால் சான்றுகள் பெருகிவிடும் எனக் கருதுவோர் அத்தவறினுள் விழுவர். உடன்படிக்கையிற் குறிக்கப்படும் மலபார் இனத்தார், 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க மன்னரும் அவர்தம் உறவினருமாவர். அவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து மணவுறவு வழியாக வந்த, தெலுங்கு மூலங்கொண்ட குடும்பத்தினர். அவையிற் சிங்களமும் தமிழும் வழங்கின. பௌத்தத்தை அவர்கள் புரந்தனர். இத்தகையோரை ஒரு சொல்லால் ஓர் இனத்துள் அடக்குவது அன்றைய பிரித்தானிய அரசுக்கு ஆதாயமாயிற்று. அந்நியன் ஒருவனிடமிருந்து சிங்களக் குடிகளை விடுவிப்பதாக அது தன்னைக் காட்டிக்கொள்ள அச்சொல் உதவிற்று. கண்டி நகரில் மலபார் வீதி என ஒரு தெரு இன்றும் உண்டு. அத்தெருவின் பெயர்ப்பலகையைக் கண்டு, இப்பெயர் ஏன் வந்தது எனக் கேட்டறிந்த மாணவர், மூவாயிரம் பக்கங்களைப் பொறியாற் துழாவிய மாணவரினும் ஒரு படி முன்னே நிற்பார்.

இங்கு நேர்வது வெறும் சொற்குழப்பமன்று. கண்டியிலும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டிலும் தமிழரின் இருப்பு கோப்பித் தோட்டங்களோடுதான் தொடங்குகிறது என்னும் கூற்று இந்நாட்டின் அரசியலிற் பாரிய விளைவுகளை ஏற்படுத்திய கூற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியபோது அதன் பின்புலத்தில் நின்ற கருத்துகளுள் அதுவும் ஒன்று. தோட்டத் தொழிலாளரின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து வந்தனர் என்பது உண்மை. அவ்வுண்மையைக்கொண்டு, அதற்கு முந்திய கண்டி இராச்சியத்திற் தமிழ்மொழிக்கும் தமிழர்க்கும் இடமே இருந்ததில்லை என்று பெறுவது வேறு. இரண்டையும் பிரித்தறிய வேண்டிய மாணவி, அதிலும் தோட்டத்திற் பிறந்தவர், தம் கையாலேயே அவ்விரண்டாம் கூற்றை எழுதியிருந்தார். பகைவர் எவரும் எழுதுவிக்கவில்லை. இலவச நூற்றொகுதியும் தேடற்பெட்டியும் சேர்ந்து எழுதுவித்தன.

இனி, இந்நூற்றொகுதிகளில் 1930 க்கு முந்திய ஆங்கில நூல்கள் மலிந்திருப்பதேன் என்பது நோக்கற்பாலது. இதற்குக் காரணம் எவரது திட்டமுமன்று, பதிப்புரிமைச் சட்டமே. அமெரிக்கச் சட்டப்படி பழைய நூலொன்று வெளிவந்து தொண்ணூற்றைந்து ஆண்டு கழிந்ததும் பொதுவுடைமையாகிறது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டு கழிய வேண்டும். பெருந்தொகுதிகள் அமெரிக்காவில் இருப்பதால் அந்நாட்டுக் கணக்கே பெரிதும் செல்லுபடியாகிறது. விளைவு யாது? கண்டியைப் பற்றி நொக்ஸ் எழுதியது கிடைக்கும். 1821 இல் வெளிவந்த படைமருத்துவர் ஜோன் டேவியின் நூல் கிடைக்கும். குடியேற்றச் செயலாளராக 1848 மாத்தளைக் கிளர்ச்சிக் காலத்திற் பதவியிலிருந்த எமேர்சன் ரெனன்றின் 1859 ஆம் ஆண்டு இரு பெருந்தொகுதிகள் கிடைக்கும். இக்கிளர்ச்சி அடக்கப்பட்ட முறை பிரித்தானியப் பாராளுமன்ற விசாரணைக்கு உள்ளானதும், அவ்விசாரணையில் ரெனன்றும் சம்பந்தப்பட்டவர் என்பதும் அந்நூலைத் தனியே எடுத்து வாசிப்பவர்க்குத் தெரியவாரா.

இவர்களுக்கு மறுமொழியாகப் பிற்காலத்தில் எழுந்த ஆய்வு எங்கே? 1921 இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமாகி, 1952 இற் பேராதனைக்கு இடம்பெயர்ந்த இந்நிறுவனத்தின் வரலாற்றாசிரியரும் சமூகவியலாளரும் அரைநூற்றாண்டாகச் செய்த வேலையிற் பெரும்பங்கு அம்மறுமொழியே. றல்ஃப் பீரிஸின் கண்டிக்காலச் சிங்களச் சமூக அமைப்பு பற்றிய நூல் (1956), லோர்னா தேவராஜாவின் 1707-1760 காலக் கண்டி இராச்சியம் பற்றிய நூல் (1972), ஆ. வேலுப்பிள்ளையின் இலங்கைத் தமிழ்ச் சாசனத் தொகுதிகள் (1971, 1972) ஆகியவை யாவும் உரிமையுள்ள நூல்கள். சட்டப்படி அவை இலவசமாகக் கிடைத்தற்கு இன்னும் பல பதிற்றாண்டுகள் செல்லும். கணநாத் ஒபயசேகர தம் முதுமையில் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனைப் பற்றி 2017 இல் எழுதிய நூல், அம்மன்னனைக் கொடுங்கோலனாகத் தீட்டிய ஆங்கிலச் சித்திரத்தை வரிவரியாக ஆராய்கிறது. ஆங்கிலச் சித்திரம் இலவசம். அதன் மறுப்புக்கு விலையுண்டு. இந்நிலையில் இலவசத்தை மட்டும் நம்பும் மாணவர், வழக்கொன்றில் ஒரு தரப்பு வாக்குமூலத்தை மட்டும் வாசித்துத் தீர்ப்பெழுதுபவரை ஒப்பர். நூலாசிரியர்க்கும் வெளியீட்டாளர்க்கும் உரிய பயனைப் பறிக்கவேண்டும் என்பது இதன் கருத்தன்று. ஈழத்து நூலாசிரியர் பலர் தம் நூலை இரவல் வாங்கிய பணத்தில் அச்சிட்டோர் என்பதை இவ்விதழின் வாசகர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

சட்டத்தின் இவ்வெல்லை புவியியலாலும் மாறுபடுகிறது என்பது வேடிக்கை. ஹாதிட்ரஸ்டில் அமெரிக்க வாசகர்க்குத் திறக்கும் நூல்கள் பல, பேராதனையிலிருந்து நோக்குவோர்க்கு மூடியிருக்கும். அந்நாட்டுக்கு வெளியிலுள்ளோர்க்கு இன்னும் பழைய நூல்களே காட்டப்படுகின்றன. கண்டி அரசைக் கவிழ்ப்பதில் முதன்மையாக நின்ற ஜோன் டொயிலியின் நாட்குறிப்பு, கொட்றிங்டன் பதிப்பாக வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1917 இல் வெளிவந்தது. அத்தகைய இருபதாம் நூற்றாண்டுத் தொடக்க வெளியீடுகளை நாடும்போது, கண்டியில் எழுதப்பட்ட கண்டி பற்றிய குறிப்பொன்றைக் கண்டியிலிருப்பவர் வேறு வழியாற் தேடவும், தொலைநாட்டிலிருப்பவர் ஒரே சொடுக்கில் வாசிக்கவும் நேரலாம்.

ஆங்கிலத்துறை மாணவர்க்கும் இதே நிலைதான், வடிவம் சற்று வேறு. 1922 மார்ச்சில் கண்டிக்கு வந்து சில வாரங்களே தங்கியவர் டி. எச். லோறன்ஸ். வேல்ஸ் இளவரசரின் வருகைக்காக நடந்த பெரகராவைக் கண்டு, யானை என்னும் தலைப்பில் ஒரு கவிதை எழுதினார். வெப்பமும் நோயும் அவரை விரைவில் அனுப்பிவிட்டன. 1930 இல் அவர் இறந்தமையால் அக்கவிதை எந்நாட்டுக் கணக்கிலும் இன்று இலவசம், எங்குந் தேடாமலே எதிர்ப்படும். 1907 முதல் 1908 வரை கண்டிக் கச்சேரியிற் பணியாற்றிய லெனாட் வுல்ப் 1913 இல் வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய நாவல் அமெரிக்கக் கணக்கில் இலவசம். அவர் 1969 வரை வாழ்ந்தமையால் இலங்கைக் கணக்கில் இன்னும் இலவசமன்று. பேராதனையிலேயே வாழ்ந்து கற்பித்து ஆங்கிலத்திற் கவிதை எழுதிய ஆஷ்லி ஹல்பே (1933-2016), கண்டிய நிலவுடைமை மரபின் உள்ளிருந்தே அம்மரபோடு முரண்பட்டெழுதிய லக்தாச விக்கிரமசிங்க (1941-1978) ஆகியோரின் தொகுதிகளை இலவச வாயில்களில் எதிர்பார்த்தல் வீண். கண்டியைப் பற்றிய ஆங்கிலக் கவிதை எனப் பொறியிடம் கேட்கும் மாணவர்க்கு முதலிற் கிடைப்பவர் வெயிலில் வாடிய விருந்தாளியே. இல்லத்தவர் உள்ளறையில் இருக்கின்றனர்.

இவ்வகையிற் சி. வி. வேலுப்பிள்ளையின் (1914-1984) நிலை தனித்து நோக்கத்தக்கது. மலைநாட்டுத் தோட்டமொன்றிற் பிறந்து, 1947 இற் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்று, பிரசாவுரிமைச் சட்டம் தம் மக்கள்மீது விழுந்ததை அருகிருந்து கண்டவர் அவர். ஆங்கிலத்திற் கவிதையும், உழைக்கப் பிறந்தவர்கள் என்னும் பொருள்படும் தலைப்பில் 1970 இற் சித்திரங்களும் எழுதினார். தொழிலாளரின் நாட்டார் பாடல்களைத் தமிழிற் திரட்டித் தந்தார். ஆங்கிலத்துறை மாணவரும் வரலாற்றுத்துறை மாணவரும் ஒருசேர வாசிக்கவேண்டிய ஒருவர் இப்பிரதேசத்தில் உளராயின் அவர் இவரே. அவருடைய நூல்கள் இலங்கைச் சட்டப்படி 2054 ஆம் ஆண்டு முடியும்வரை உரிமைக்குட்பட்டவை. மறுபுறம், துரைமார்க்குத் தோட்டத் தமிழ் கற்பிக்க எழுந்த கைநூல்கள் இருக்கின்றன. சின்னத்துரைக்குரிய சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டியாக வந்த ‘இங்கே வா’ அவற்றுள் ஒன்று. கூலித் தமிழ் என்னும் பெயரிலேயே வெல்ஸ் என்பவர் 1915 இல் எழுதியது மற்றொன்று. இவற்றின் காலம் அமெரிக்கக் கணக்கிற் கழிந்துவிட்டது. ஏவல் வினைகளே நிறைந்த அத்தமிழ் ஆய்வுக்குரிய பொருள்தான், மறுக்கவில்லை. ஒரு மக்களின் மொழி எனக் கையிற் கிடைப்பது அவர்களை ஏவியோர் கற்ற மொழி மட்டுமாக இருப்பின் அது பெரும் விபரீதம்.

இக்குறையை நிறைவுசெய்ய முயன்றோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கது நூலகம் திட்டம். 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தமை ஈழத்தமிழ் வாசகர் மனத்தில் ஆறாத வடு. நூலகம் திட்டம் தொண்டர்களின் உழைப்பால் வளர்ந்ததற்கு அவ்வடுவும் ஒரு காரணம் எனலாம். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள், பாடசாலை மலர்கள் என அது திரட்டியவற்றுள் மலையகம் சார்ந்த வெளியீடுகளும் உண்டு. பேராதனைத் தமிழ்ச் சங்கத்தின் இளங்கதிர் இதழ்களும் உண்டு. உயிரோடிருக்கும் ஆசிரியரிடமும் மறைந்தோரின் குடும்பத்தாரிடமும் அனுமதி வேண்டிப் பெற்று நூல்களை ஏற்றும் வழக்கம் அங்கே இருப்பதால், சட்டத்தின் தொண்ணூற்றைந்து ஆண்டுக்கும் எழுபது ஆண்டுக்கும் காத்திராமல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி எழுத்துகள் ஒரு பகுதியேனும் வெளிச்சத்துக்கு வந்துள்ளன. மேலே கூறிய சிக்கலுக்கு இதுவரை கண்ட வழிகளுள் இதுவே செம்மையானது. மேனாட்டுத் தொகுதிகள் காலத்தின் தயவிற் தங்கியிருக்க, இது மனிதரின் இசைவிற் தங்கியிருக்கிறது.

ஆயினும் திறனாய்வு என்று வந்தபின் குறைகளையும் கூறல் வேண்டும். நூலகத்திலுள்ள பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். மதுரைத் திட்டத்தினர் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டுச் சரிபார்த்துத் தருவதால் அங்கே சொல்லைத் தேடலாம். படத்தினுள் தேடல் செல்லாது. எழுத்துணரிப் பொறிகள் ஆங்கில அச்சினை ஓரளவு செவ்வனே வாசிக்கின்றன. அங்குங்கூட நொக்ஸ் காலத்து அச்சில் வரும் நெடிய எஸ் எழுத்தை எஃப் என வாசித்து நகைப்புக்கிடமாக்குவதுண்டு. தமிழிற் பழைய அச்சுக்களில் வரும் ணை, லை, னை, றா, னா முதலியவற்றின் கூட்டுவடிவங்களும், மங்கிய மையும், மலிவுத்தாளின் கறைகளும் பொறியை இடறச் செய்கின்றன. ஆகவே ஆங்கிலேயத் துரையின் நாட்குறிப்பில் ஒரு தோட்டத்தின் பெயரைக் கணப்பொழுதிற் கண்டுபிடிக்கும் மாணவர், அதே தோட்டத்தைப் பற்றித் தமிழ்ச் சஞ்சிகையொன்றில் வந்த கட்டுரையை அறியாமலே கடந்துவிடுகிறார். கட்டுரை இணையத்தில் இருக்கிறது, இலவசமாகவும் இருக்கிறது. தேடலுக்கு மட்டும் அது இல்லை.

கோ. நடேசையரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, தேசபக்தன் நடத்தி, தோட்டத் தொழிலாளர்க்குத் தொழிற்சங்கம் கண்ட அவர் 1947 இல் மறைந்தார். எழுபது ஆண்டுக் கணக்குப்படி அவர் எழுத்துகள் 2018 முதல் பொதுவுடைமை. அவற்றைத் தட்டச்சிடவும் பதிப்பிக்கவும் பரப்பவும் எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை. சட்டம் தன் கதவைத் திறந்துவிட்ட இடத்திலும் நம் சோம்பல் காவலிருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இவரினும் முற்பட்டவர் கண்டியிற் பிறந்த வழக்கறிஞர் மு. கா. சித்திலெப்பை (1838-1898). 1882 இற் கண்டியிலிருந்து முஸ்லிம் நேசன் என்னும் தமிழ்ப் பத்திரிகையை வெளியிட்டு, 1885 இல் அசன்பேயுடைய கதையை நூலாக்கித் தமிழின் தொடக்க கால நாவலாசிரியருள் ஒருவரானார். 1869 இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய கோப்பிக் கிருஷிக் கும்மியும் உண்டு. தோட்டப் பயிர்ச்செய்கையையே பொருளாகக்கொண்ட தமிழ்ச் செய்யுள் நூல் அது. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை நட்ட செய்தியைச் சொல்லாத நூலில்லை. அதற்கு இரண்டாண்டின் பின் கோப்பித் தோட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரு கும்மி அச்சேறியதை மேலே குறித்த மாணவி அறிந்திருக்கவில்லை. லூல்கந்துரையோ அவர் பிறந்த தோட்டத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது.

நூலகம் திட்டத்தில் ஒரு சிறு வழக்கம் இருக்கிறது. அதனைப் பலர் கவனிப்பதில்லை. சஞ்சிகைகளுக்கு வெறும் படத்தோடு நில்லாமல், இதழின் உள்ளடக்கத்தை, அதாவது கட்டுரைத் தலைப்பையும் எழுதியவர் பெயரையும், தட்டச்சிட்டுப் பக்கத்தில் இடுகின்றனர். படத்தை வாசிக்க இயலாத தேடற்பொறி அவ்வுள்ளடக்கத்தை வாசிக்கிறது. யாரோ ஒருவர் ஓர் இரவு இருந்து தட்டிய இருபது வரிகள் ஓர் இதழையே மறதியிலிருந்து மீட்கின்றன. இதன் பயனை, பழைய சிறுசஞ்சிகைக் கட்டுரையொன்றைத் தேடி அலைந்தவர் அறிவர். இவ்வேலை எல்லா இதழ்க்கும் ஒரே சீராக நடைபெறவில்லை. தலைப்பின் கீழ் ஓரிரு பொருட்சொற்கள், பேசப்படும் ஊர்ப்பெயர், காலம் ஆகியவற்றையும் சேர்த்தால் தலைப்பிலிருந்து பொருளை ஊகிக்கும் சிரமம் நீங்கும். “சில சிந்தனைகள்” என்றும் “ஒரு நோக்கு” என்றும் தலைப்பிடும் நம் வழக்கம் பட்டியலாளர்க்கு இழைக்கும் கொடுமை சிறிதன்று. இக்கட்டுரையின் தலைப்பும் அக்குற்றத்திற்கு விலக்கல்ல.

அருகிலேயே வேறு சில வாயில்கள் உள. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மின்களஞ்சியத்தில் 1943 இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழக ஆங்கில ஆய்வேட்டின் கட்டுரைகளை வாசிக்கலாம். பொறியின் முன் அமரும் மாணவர் அமெரிக்கத் தொகுதிக்குப் போகுமுன் இங்கு வருதல் நன்று. இன்றைய இலங்கை ஆய்விதழ்களை ஒருங்கு திரட்டும் தளமும் இலவசமே. ஜேஸ்ரோரில் தம் பெயரைப் பதிவுசெய்வோர் மாதந்தோறும் குறித்த எண்ணிக்கையான கட்டுரைகளை விலையின்றி வாசிக்கலாம் என்பதை அறியாத மாணவர் இன்னும் பலர். கண்டி நகரில் 1958 இல் நிறுவப்பெற்ற பௌத்த வெளியீட்டுச் சங்கம் தன் சிறுநூல்கள் பலவற்றைத் தானே விலையின்றி இணையத்தில் தருகிறது. வெளியீட்டாளரே மனமுவந்து திறந்த கதவுக்கு இந்நகரிலேயே முன்மாதிரி இருக்கும்போது, நம் தமிழ் வெளியீட்டாளர் தம் விற்றுத்தீர்ந்த நூல்களையேனும் அவ்வாறு விடுவிக்கத் தயங்குவதேன் என்பது விளங்கவில்லை.

இலவசம் என்னும் சொல்லில் மறைந்திருக்கும் செலவையும் ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். 2020 இற் பெருந்தொற்றால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, தோட்ட லயன்களுக்குத் திரும்பிய மாணவர் அலைவரிசை தேடி மேட்டிலும் பாறையிலும் ஏறியிருந்தது நாடறிந்தது. 2022 இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் மின்சாரம் தடைப்பட்ட நாள்கள் இருந்தன. படமாக வருடப்பட்ட நூல் கனமானது. ஒரு நூலை இறக்குவதற்குச் செல்லும் தரவுக்கட்டணம் வாங்கிக்கொடுக்கப் பெற்றோர் ஒருநாட் கூலியின் ஒரு பங்கை ஒதுக்கவேண்டிய வீடுகள் உள்ளன. தட்டச்சிட்ட பனுவல் அப்படத்தின் நூற்றிலொரு பங்கு கனமும் இராது. ஆகையால் தட்டச்சிடுதல் தேடலுக்கு மட்டுமன்றி ஏழை மாணவரின் பணப்பைக்கும் உதவுவதாகும்.

இனி, இத்தொகுதிகள் என்றும் நிலைத்திருக்கும் என நம்புவதும் தவறு. 2023 ஒக்டோபரிற் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்குள்ளாகி, அதன் மின்சுவடிகள் நெடுங்காலம் எட்டாதிருந்தன. ஓராண்டின் பின் 2024 ஒக்டோபரில் இணைய ஆவணகமும் தாக்கப்பட்டுப் பல நாள் முடங்கிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் வெளியீட்டாளர் தொடுத்த வழக்கின் மேன்முறையீட்டிலும் அவ்வாவணகம் தோற்றது. அவ்வழக்கின் விளைவாக, அது இரவல் கொடுத்துவந்த ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் எட்டாமற் போயின. அவற்றை அடிக்குறிப்பிற் காட்டியிருந்த ஆய்வேடுகள் இப்போது வெறுஞ் சுவரைச் சுட்டுகின்றன. மாணவர்க்கு நாம் சொல்லக்கூடிய எளிய அறிவுரை, இணைய முகவரியோடு நில்லாது, நூலின் பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்க என்பதே. குட்டன்பேர்க் பனுவல்கள் பலவற்றில் மூலநூலின் பக்க எண் இராது. எப்பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதுங்கூடச் சிலவற்றிற் கூறப்படுவதில்லை. பாடபேதம் கற்கும் ஆங்கிலத்துறை மாணவர்க்கு இது பெருங்குறை.

முன்வரைவின் கதைக்கு மீள்வோம். மாணவி சினங்கொள்ளவில்லை. மலபார் என்னும் சொல்லோடு நொக்ஸையும் டேவியையும் மறுபடி துழாவினார். கிடைத்த இடங்களை நாயக்கர், வடபுலத்தார், வணிகர் எனத் தனித்தனியே வகைப்படுத்தினார். எங்கே வகைப்படுத்த இயலவில்லையோ அங்கே இயலவில்லை என்றே எழுதினார். நூலகம் தளத்தில் மலையகச் சஞ்சிகைகளின் உள்ளடக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அதற்கு மூன்று வாரம் சென்றது. வேலுப்பிள்ளையின் நூலைப் பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்கில் நேரிற் சென்று எடுத்தார். கோப்பிக்கு முன்னர் சான்றில்லை என்ற வாக்கியம் நீங்கி, அவ்விடத்தில் ஒன்றரைப் பக்கம் வந்தது. அதன் முடிவில் ஓர் அடிக்குறிப்பு: தம் பாட்டியார் கொழுந்து கிள்ளும்போது பாடிய பாடலொன்றின் நான்கு அடிகளும், கேட்டெழுதிய நாளும், தோட்டப் பிரிவின் பெயரும். அவ்வடிகளை எத்தளத்திலும் தேடிக் காணவில்லை என்றும், ஆகவே தாமே தட்டச்சிட்டுப் பின்னிணைப்பாகச் சேர்த்திருப்பதாகவும் அதிற் குறித்திருந்தார்.